எலும்பில்லாக் கதையும் கதையில்லா எலும்பும்

(மீன்சுருட்டியில் நடைபெற்ற வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற மாதக் கூட்டத்தில் நாம் கவிதை வாசிக்கவில்லை. வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரில் கட்டிப் பழைய ஆவணப்படங்கள் மூன்றைப் பார்த்தோம். மூன்றும், மனிதனும் அல்லாத குரங்கும் அல்லாத ஓர் உயிரைத் தேடி அலைந்தவர்களின் கதை. இமயத்தில் அதற்கு யெட்டி என்று பெயர். நாம் பனிமனிதன் என்கிறோம். அமெரிக்கக் காடுகளில் அது பிக்ஃபுட், அதாவது பெருங்காலன்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும், நம் வட்டத்தின் இளைய கவிஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, கடைசியில் அது உண்டா, இல்லையா?" என்று கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. "கவிஞனுக்கு அந்தக் கேள்வி எதற்குத் தம்பி? கற்பனையில் உண்டு இல்லை என்பது ஏது?" என்று மூத்தவர் ஒருவர் சொல்லி அமர்த்திவிட்டார். நேரமாகிவிட்டது, கூட்டமும் கலைந்தது. ஆனால் அந்தக் கேள்வி வீடு வரையில் என்னோடு நடந்து வந்தது. ஏனென்றால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியைக் கேட்ட ஒருவனை நானும் அமர்த்தியிருக்கிறேன். அதை இறுதியில் சொல்கிறேன். முதலில் படங்களைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் பார்த்தது 1972ஆம் ஆண்டில் சார்லஸ் பியர்ஸ் என்பவர் எடுத்த படம். அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஃபவுக் என்னும் சிற்றூர். அவ்வூரைச் சுற்றியுள்ள சதுப்புக் காட்டில் மயிர் அடர்ந்த உருவம் ஒன்று திரிவதாகப் பேச்சு. அவ்வூர் மக்களில் சிலரையே அவர்களாகவே நடிக்க வைத்து அப்படத்தை எடுத்தார்கள். இரண்டாவது, 1977இல் தொடங்கி 1982 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த "தேடல்" வரிசையைச் சேர்ந்தது; அதை வழங்கியவர் நடிகர் லெனார்டு நிமாய். மூன்றாவது 1980இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் தொலைக்காட்சி வெளியிட்டது. அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க் இலங்கையில் இருந்தபடியே அதை வழங்கினார். கொழும்பில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர் அவர். அந்தத் தீவுக்கு நாம் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

நம்மில் வயதானவர்களுக்கு ஆவணப்படம் என்றால் டூரிங் டாக்கீஸில் பார்த்த அரசுச் செய்திப் படம்தான் நினைவுக்கு வரும். மத்திய அரசின் படப்பிரிவு 1948இல் தோன்றியது. அது எடுத்த படங்களைத் திரையரங்குகள் முதலில் காட்டியாக வேண்டும் என்பது அன்றைய விதி. அணை கட்டுவார்கள், அம்மை குத்துவார்கள், அமைச்சர் கொடியசைப்பார். நாம் முறுக்கு வாங்கப் போய்விடுவோம். ஆனால் அந்தக் குரல் சொன்னதை நம்பினோம். கனத்த குரலும் பின்னால் ஒலிக்கும் இசையும் சேர்ந்தால் அது உண்மை என்னும் எண்ணம் நம் காதுக்குள் அப்போதே ஊன்றிவிட்டது. அமெரிக்கப் படங்கள் செய்ததும் அதே வேலைதான். வேறுபாடு ஒன்று உண்டு. நம் செய்திப் படம் கூற்றாகச் சொன்னது. அவர்கள் படம் வினாவாகச் சொன்னது.

அந்த வினாவைக் கவனித்தீர்களா? "அது இருக்கிறது" என்று எந்த இடத்திலும் அறிவிப்பாளர் சொல்லவில்லை. "இருக்கக் கூடாதா?" என்கிறார். "இத்தனை பேர் பொய் சொல்வார்களா?" என்கிறார். "தேடல்" வரிசையின் தொடக்கத்திலேயே, இதில் வருபவை ஓரளவு ஊகத்தின் அடிப்படையில் அமைந்தவை என்னும் பொருளில் ஓர் அறிவிப்பு உண்டு. அறிவிப்பு முடிந்ததும் இருண்ட காடு, முறியும் சுள்ளி, ஓர் அலறல். அறிவுக்கு ஓர் எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டு அச்சத்துக்குப் படத்தைக் கொடுக்கிறார்கள். வினா வடிவில் பொய் சொன்னால் சொன்னவன் மீது குற்றம் இல்லை. நம்பியவன் தானே நம்பிக்கொண்டவன் ஆகிறான். இதைத் திரைப்படக்காரர்களின் தந்திரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கவிதை எழுதும் நாமும் வினாக்குறிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில் குறைந்தவர்கள் அல்லர்.

இந்தப் படங்கள் எல்லாம் திரும்பத் திரும்பக் காட்டும் ஒரு காட்சி உண்டு. 1967 அக்டோபர் 20ஆம் நாள், வடக்குக் கலிபோர்னியாவில் பிளஃப் கிரீக் என்னும் ஓடைக்கரையில் ரோஜர் பேட்டர்சன், பாப் கிம்லின் என்னும் இருவர் 16 மி.மீ. கேமராவில் படம்பிடித்த காட்சி. முழுதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஏறத்தாழ 950 பிரேம்கள். கரிய மயிர் மூடிய உருவம் ஒன்று கைவீசி நடக்கிறது, ஒரு முறை திரும்பிப் பார்க்கிறது, மரங்களுக்குள் மறைகிறது. அந்தத் திரும்பும் பார்வையில் நம் அவையே மூச்சடக்கி அமர்ந்திருந்ததை நான் கண்டேன்.

அந்தக் காட்சியில் படங்கள் அழுத்திச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. கேமரா நொடிக்கு எத்தனை பிரேம் வேகத்தில் ஓடியது என்பதைப் பேட்டர்சனாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நடையை ஆராய்ந்த கிரீவ் என்னும் அறிஞர், நொடிக்கு 24 பிரேம் என்று கொண்டால் அது ஒரு மனிதனின் நடையிலிருந்து வேறுபடவில்லை என்றார். 16 என்று கொண்டால் மனிதன் அப்படி நடப்பது அரிது என்றார். அதாவது ஒரே படச்சுருள், ஒரே உருவம். சுழற்றும் வேகத்தை மாற்றினால் மனிதன் விலங்காகிறான், விலங்கு மனிதனாகிறது. அன்று குரங்குத் தோலுக்குள் நடந்தவன் நானே என்று பாப் ஹெய்ரோனிமஸ் என்பவர் பின்னாளில் சொன்னார். கிம்லின் அதை ஏற்கவில்லை. பேட்டர்சனோ 1972லேயே இறந்துவிட்டார்.

அதே பிளஃப் கிரீக் பகுதியில்தான் 1958இல் சாலை போட்ட தொழிலாளர்கள் பெரிய காலடித் தடங்களைக் கண்டார்கள். உள்ளூர் நாளேடு அச்செய்தியை வெளியிட்ட பிறகே "பெருங்காலன்" என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. அந்தச் சாலைப் பணியின் ஒப்பந்ததாரர் ரே வாலஸ் 2002இல் இறந்தபோது, அவர் மரத்தில் செதுக்கிய பெரிய பாதங்களை வைத்து விளையாட்டாகத் தடம் பதித்தவர் என்று அவர் குடும்பத்தார் வெளியிட்டனர். விளையாட்டாகச் செய்தவர் நாற்பத்து நான்கு ஆண்டுகள் அதை உலகறியச் சொல்லவில்லை. அதற்குள் ஒரு நம்பிக்கை பிறந்து வளர்ந்து, பலருக்குத் தொழிலாகவும் ஆகிவிட்டது.

இமயத்துக்கு வருவோம். அங்கே கதையைத் தொடக்கியது மரப்பாதம் அன்று, ஒரு மொழிபெயர்ப்பு. 1921இல் எவரெஸ்ட் மலையை அறியச் சென்ற ஹோவர்டு பரியின் குழுவினர் பனியில் தடங்கள் கண்டனர். அவை ஓநாயின் தடங்களாக இருக்கலாம் என்பது பரியின் கருத்து. சுமைதூக்கிகள் வேறொரு பெயர் சொன்னார்கள். அதைக் கேட்டறிந்து, கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் இதழுக்கு எழுதிவந்த ஹென்றி நியூமன் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது "அருவருக்கத்தக்க பனிமனிதன்" ஆக்கிவிட்டார். மலைமக்களின் சொல்லில் கரடியைச் சுட்டும் சாயல் இருந்தது, அருவருப்பு இல்லை. அருவருப்பு பெயர்த்தவரின் மையில் இருந்தது. மொழிபெயர்ப்பு செய்யும் அன்பர்கள் இவ்வட்டத்தில் இருக்கிறார்கள். ஒரு சொல்லைப் பிழைபடப் பெயர்த்தால் நூறு ஆண்டுகள் ஓர் உயிர் அலையும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1951 நவம்பரில் எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் ஒரு தடத்தைப் பனிக்கோடரியை அருகில் வைத்துப் படம் எடுத்தார். அந்த ஒரு படம் பல குழுக்களை இமயத்துக்கு அனுப்பியது. நேபாள அரசே இதற்கு விதி வகுத்தது. யெட்டியைத் தேட ஐயாயிரம் ரூபாய் கட்டணம். படம் எடுக்கலாம், உயிருடன் பிடிக்கலாம். தற்காப்புக்கன்றிக் கொல்லக் கூடாது. இல்லாத உயிர் ஒன்றுக்கு இருக்கும் உயிர்கள் பலவற்றைவிட நல்ல சட்டப் பாதுகாப்பு இருந்தது.

1960இல் எட்மண்டு ஹிலாரி தலைமையில் பெருங்குழு ஒன்று சென்றது. கும்ஜுங் ஊர்க் கோயிலில் யெட்டியின் தலைத்தோல் என்று போற்றப்பட்ட ஒன்று இருந்தது. ஊர்ப் பெரியவர் குன்ஜோ சும்பி உடன்வர, அதைச் சிகாகோ, பாரிசு, லண்டன் நகரங்களுக்கு எடுத்துச் சென்று ஆராய்ந்தனர். அது சீரோ என்னும் இமயமலை ஆட்டினத்தின் தோல் என்று தெரிந்தது. படங்கள் இத்துடன் முடித்து அடுத்த மர்மத்துக்குத் தாவிவிடுகின்றன. ஆனால் அந்தப் பயணத்தின் நல்ல பகுதி அதற்குப் பின்தான் வருகிறது. 1961இல் கும்ஜுங்கில் ஹிலாரி ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தார். யெட்டியைத் தேடிப் போனவர் அங்கே விட்டுவந்தது ஒரு பள்ளிக்கூடம். அதற்கு எந்தப் படத்திலும் பின்னணி இசை இல்லை.

பின்னாள் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேகாலயத்தின் காரோ மலையில் "மண்டே பருங்" என்னும் காட்டு மனிதனின் மயிர் என்று கருதப்பட்டது, 2008இல் இங்கிலாந்தில் ஆராயப்பட்டு மலையாட்டின் மயிர் என்று தெரிந்தது. 2017இல் சார்லட் லிண்ட்க்விஸ்ட் என்னும் அறிவியலார் யெட்டியுடையவை எனப்பட்ட ஒன்பது எச்சங்களின் மரபணுவைப் பார்த்தார். எட்டு கரடி, ஒன்று நாய். அந்த எச்சங்களைத் திரட்டிக் கொடுத்ததும் ஓர் ஆவணப்படக் குழுதான் என்பதைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் மகாலு அடிவாரத்தில் கண்ட தடங்களை யெட்டியுடையவை என்று நம் இராணுவமே படத்துடன் அறிவித்தது. கரடித் தடங்கள் என்று நேபாளத்தார் சொன்னார்கள். நம்ப விரும்பும் மனம் எந்தச் சீருடைக்குள்ளும் இருக்கும்.

அன்பர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம். குரங்கையும் மனிதனையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று வகைபிரித்துக் காட்டுகிறது. பெண்ணை மந்தி என்றும் ஆணைக் கடுவன் என்றும் சுட்டுவது நம் மரபு. குரங்கின் குட்டிக்கு மகவு, பிள்ளை என்னும் பெயர்களும் பொருந்தும் என்று அவ்விலக்கணம் இடம் கொடுக்கிறது. மனிதக் குழந்தைக்கு நாம் வழங்கும் அதே சொற்கள். குறுந்தொகையின் 69ஆம் பாட்டில் ஆண்குரங்கு இறந்துபட, மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சரிவில் பாய்ந்து உயிர்விடுகிறது. அந்தப் புலவர் மந்தியை மனிதப் பெண் ஆக்கவில்லை. அது மந்தியாகவே இருக்கிறது. அதன் துயரம் நமக்குத் தெரிந்த துயரமாக இருக்கிறது. "போல" என்னும் உவம உருபு வெளிப்படாமலே அங்கு வேலை செய்கிறது. அந்த ஒப்புமை நம்மை இரக்கத்துக்கு அழைத்துச் செல்கிறது.

நாம் அன்றாடம் காணும் கங்கைகொண்ட சோழபுரம் இங்கிருந்து கூப்பிடு தொலைவு. சோழர் காலக் கோயில்களில் யாளியைக் காணாதவர் உண்டோ? சங்கப் பாடல்களிலும் ஆளி என்று அது வருகிறது. யானையையே தாக்கும் வலிமையோடு வருகிறது. யாளியின் காலடித் தடத்தை யாரும் தேடியதில்லை. யாளியின் தலைத்தோலைக் கோயிலில் வைத்து யாரும் காட்டியதில்லை. தேரழுந்தூரில் பிறந்த கம்பர் வானர சேனையைப் பாடியபோது சாட்சி எவரையும் கூண்டில் ஏற்றவில்லை. கல்லில் செதுக்கியவனுக்கும் சொல்லில் செதுக்கியவனுக்கும் தாம் செய்வது இன்னது என்று தெரிந்திருந்தது. நாம் பார்த்த படங்களின் குறை, கற்பனை செய்தது அன்று. கற்பனையைச் சாட்சி என்று கூறியதும், சாட்சியைக் கற்பனையால் நிரப்பியதும்தான் குறை.

சாட்சி என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடல். சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையும் 18 மீட்டர் நீளமும் உடையது; 1940இல் நிலவியல் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகறியச் செய்தார். அரியலூருக்கு அருகே கல்லமேட்டில் மாபெரும் விலங்கு ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் 1980களில் அவற்றை விவரித்து "புருகத்காயோசாரஸ்", அதாவது பேருடல் பல்லி என்று பெயரிட்டனர். கீழ்க்கால் எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர். உலகில் நடந்த மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்றாக அது இருக்கக்கூடும். ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன. இன்று எஞ்சியிருப்பவை பழைய ஒளிப்படங்களும் வரைபடங்களும் குறிப்புகளும்தான்.

பேட்டர்சனிடமும் படம்தான் இருந்தது; கல்லமேட்டுக்காரர்களிடமும் இன்று இருப்பது படம்தான். இரண்டுக்கும் வேறுபாடு என்ன? பின்னவர்கள் எந்தப் பாறை அடுக்கு, என்ன அளவு, எந்த எலும்பு என்று எழுதி வைத்தார்கள். எலும்பு போய்விட்டது என்பதையும் எழுதினார்கள். முதலில் ஊனுண்ணி என்று கருதியது பிழை, அது நீண்ட கழுத்துடைய தாவரவுண்ணியாகலாம் என்று பிறர் திருத்தியதற்கும் இடம் இருந்தது. பெரிய செய்தி கையில் இருந்தும் சிறிய குரலில் சொன்னார்கள். படக்காரர்கள் சிறிய செய்தியை வைத்துக்கொண்டு பெரிய குரலில் சொன்னார்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று செய்தி பறந்ததை நீங்கள் அறிவீர்கள். அறிஞர்கள் வந்து பார்த்து, அவை பழங்கடலில் உருவான படிவ உருண்டைகள் என்றார்கள். பறந்த செய்தியின் வேகம் திருத்தத்துக்கு இல்லை. ஊருக்கு ஊர் ஒரு பிளஃப் கிரீக் உண்டு.

இதுவரை சொன்னவற்றால், இதெல்லாம் தீங்கற்ற விளையாட்டு என்று சிலர் நினைக்கலாம். அப்படி அன்று என்பதற்கு இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

2001 மே மாதம், டெல்லியிலும் காசியாபாத்திலும் "குரங்கு மனிதன்" இரவில் வந்து கீறுகிறான் என்று பேச்சு எழுந்தது. கோடை, மின்வெட்டு, மக்கள் மொட்டைமாடியில் படுத்திருந்தார்கள். இருளில் யாரோ கத்த, அஞ்சிக் குதித்து உயிரிழந்தவர்கள் உண்டு. நான்கடி உயரமே இருந்த துறவி ஒருவரைக் கும்பல் பிடித்து அடித்ததாகவும் அந்நாள்களில் செய்தி வந்தது. அப்படி ஓர் உயிரே இல்லை. அச்சம்தான் பரவியது என்று ஆராய்ந்தவர்கள் முடிவு கூறினார்கள். ஆனால் துறவியின் முதுகில் விழுந்த அடி கற்பனை அன்று.

இரண்டாவது செய்திக்காகத்தான் கிளார்க் வாழ்ந்த தீவுக்குத் திரும்ப வேண்டும் என்றேன். இலங்கையின் தென்கிழக்கில், பாணமைப் பக்கத்துக் காடுகளில் வாழ்ந்த வேடர்களிடம் "நிட்டெவோ" பற்றிய கதை ஒன்று இருந்தது. ஹியூ நெவில் 1880களிலும், ஃபிரடெரிக் லூயிஸ் 1914இலும் அதை எழுதி வைத்தார்கள். நிட்டெவோ மூன்று நான்கு அடி உயரம், நிமிர்ந்து நடக்கும், வால் இல்லை, குறுகிய வலிய கைகளில் நீண்ட நகங்கள். சிறு கூட்டமாக மரங்களிலும் குகைகளிலும் வாழும். அவற்றின் பேச்சு பறவைகளின் கீச்சொலி போன்றது. அது வேடர்கள் சிலருக்குப் புரியும். இரு சாராருக்கும் தீராப் பகை. இறுதியில் எஞ்சிய நிட்டெவோக்களை வேடர்கள் ஒரு குகைக்குள் துரத்தி, வாயிலில் சருகுகளைக் குவித்துத் தீயிட்டார்கள். மூன்று நாள் எரிந்தது. அதோடு நிட்டெவோ இல்லை.

கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஆஸ்மன் ஹில் 1945இல் இக்கதையை ஆராய்ந்து, பழைய மனித இனம் ஒன்றின் நினைவாக இருக்கலாமோ என்று எழுதினார். பின்னர் இங்கிலாந்து சென்ற அவரிடம்தான் 1959இல் நேபாளத்தின் பங்போச்சே மடத்திலிருந்து எடுத்துவந்த "யெட்டி விரல்" காட்டப்பட்டது. அந்த விரல் 2011இல் மரபணு ஆய்வுக்கு உட்பட்டது. அது மனித விரல். பனிமனிதனைத் தேடிய ஆர்வம், யாரோ ஒரு மனிதனின் விரலை அரை நூற்றாண்டுக்கு மேல் விலங்கின் விரலாக எண்ண வைத்தது.

நிட்டெவோவின் எலும்பு கிடைக்கவில்லை. அவை கரடிகளாக இருந்திருக்கலாம் என்பார் உண்டு. குள்ளமான வேறொரு மக்கள் கூட்டமாக இருந்திருக்கலாம் என்பாரும் உண்டு. "நிஷாதர்" என்னும் பழஞ்சொல்லின் திரிபே அப்பெயர் என்று கருதுவோரும் இருக்கிறார்கள். அப்படியானால் அது விலங்கின் பெயரே அன்று. நாட்டில் வாழ்ந்தோர் காட்டில் வாழ்ந்தோர்க்கு இட்ட பெயர். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவிலும் இதைப் போன்ற கதை உண்டு. "எபு கோகோ" என்னும் குள்ளர்களை ஊரார் குகைக்குள் வைத்து எரித்தார்கள் என்று அங்குள்ள நாகே மக்கள் சொல்கிறார்கள். அதே தீவில் 2003இல் மூன்றரை அடி உயர மனித இனம் ஒன்றின் எலும்புகள் உண்மையிலேயே கிடைத்தன. அவை பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. கதையும் எலும்பும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் கடலால் பிரிந்த இரண்டு தீவுகள், ஒரே குகை, ஒரே தீ.

நிட்டெவோவைத் தேடிப் போனவர்கள் எலும்பைத் தேடினார்கள். நான் கேட்பது வேறு. பறவைபோல் பேசினார்கள், அந்தப் பேச்சு எங்களில் சிலருக்குப் புரிந்தது என்று கதை சொல்கிறதே, புரிந்தவன் அந்த மூன்று நாளும் குகைக்கு வெளியே நின்று என்ன கேட்டான்? அதை எந்த மரபணு ஆய்வும் சொல்லாது. அது கவிஞன் கேட்க வேண்டிய கேள்வி. குறுந்தொகையில் மந்தி மனிதரைப் போல் இருந்தது. அந்த ஒப்புமையால் நாம் அழுதோம். இங்கே மனிதரைக் குரங்கைப் போல் என்றார்கள். அந்த ஒப்புமையால் தீ மூட்டினார்கள். உவம உருபு ஒன்றே. அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதில் உயிர்கள் இருக்கின்றன. ஒரு மக்களைச் சுட்டி நாம் "போல" என்று எழுதும்போது கை சற்றே நடுங்குவது நல்லது.

இனி என் கதை. 1980களில் நான் இப்பகுதிப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியன். ஏதோ ஒரு வார இதழில் ஷிப்டன் எடுத்த தடத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, வகுப்பில் பனிமனிதனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். குரலை உயர்த்தியும் தாழ்த்தியும், நாம் பார்த்த படங்களில் வந்த அறிவிப்பாளர்களைப் போலவே பேசினேன். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். அவன் தந்தை சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்தவர். "ஐயா, எலும்பு ஏதாச்சும் கெடச்சுதுங்களா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. "கதை கேட்கும்போது குறுக்கே பேசாதே, உட்கார்" என்றேன். மறுநாள் அவன் என் மேசையில் ஒரு கல்லை வைத்தான். நத்தைபோல் சுருண்ட கல். "அப்பா வேலை செய்யற எடத்துல கெடச்சதுங்கய்யா. இதுக்கு ஏதாச்சும் கதை இருக்குங்களா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் நா எழவில்லை. "நன்றாயிருக்கிறது" என்று சொல்லி, தாள் பறக்காமல் இருக்க அதை மேசையில் வைத்துக்கொண்டேன்.

அது அம்மோனைட் என்னும் கடலுயிரின் கல்லுரு என்று பல்லாண்டு கழித்து அறிந்தேன். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இனமே அற்றுப்போயிற்று. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அதன் உறவினத்தைச் சாளக்கிராமம் என்று நாம் பூசையில் வைக்கிறோம். பனிமனிதனைத் தேடி உலகம் ஏறிச் சென்ற அதே இமயம், தான் ஒரு காலத்தில் கடலாக இருந்ததன் சான்றைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே அந்த எலும்புக்குக் கதை இருக்கிறது, பூசை இருக்கிறது. இங்கே அது லாரியில் ஏறிச் சிமெண்டு ஆகிறது. எலும்பில்லாக் கதையை ஒரு மணி நேரம் பேசியவன், கதையில்லா எலும்பு கைக்கு வந்தபோது ஒரு சொல்லும் இல்லாமல் நின்றேன். அந்தப் பையனின் இரண்டு கேள்விகளுமே சரியான கேள்விகள். கதையிடம் எலும்பைக் கேட்டான். எலும்பிடம் கதையைக் கேட்டான். நான் ஆசிரியன், அவன் கேட்டதற்கு நான் தகுதியாக இருக்கவில்லை.

அந்தக் கல்லை இன்று கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கைமாற்றிப் பாருங்கள்.

சென்ற மாதம் கேட்ட இளைய கவிஞருக்கு என் விடை இது. தம்பி, நாம் படத்தில் பார்த்த அந்த உயிருக்கு இன்று வரை ஓர் எலும்பும் இல்லை. இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் இல்லை என்று சொல்வது கவிதைக்கு இழுக்கு அன்று. அப்படிச் சொன்ன பிறகும் கதை மிச்சமிருக்கிறது. தன்னைப் போன்ற ஒன்றைக் காட்டில் கண்டபோது மனிதன் ஏன் அஞ்சினான், ஏன் எரித்தான், எரித்ததை ஏன் மறக்காமல் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னான் என்பது மிச்சமிருக்கிறது. அதை எழுதுங்கள். உங்கள் கேள்வியை அன்று அமர்த்தியதற்கு அவையின் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். வேறொருவனிடம் தெரிவிக்க வேண்டிய வருத்தமும் இதில் சேர்ந்திருக்கிறது.

பத்தாண்டுகளாகக் கேள்வி கேட்பவர்க்கும் விடை தேடுபவர்க்கும் ஒரே பாயை விரித்துவரும் இவ்வட்டத்துக்கு என் வாழ்த்துகள்.